பிரவுசருக்குள்ளேயே ஏஐ சாட்பாட்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை அலுவலகத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆங்கில மெயிலுக்குப் பதில் எழுதுகிறவர், தருமபுரியில் அறை எடுத்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர், டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பும் தம்பி, பட்டுப்புழு வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் குறிப்பை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய மகள் என்று எல்லோரும் இப்போது சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ சாட்பாட்களிடம், அதாவது கேட்கும் கேள்விக்கு உரையாடல்போலப் பதில் எழுதித்தரும் நிரல்களிடம், கேட்கிறார்கள். கேட்கும் முறைதான் சுற்றுவழியாக இருக்கிறது. ஒரு டேபில் இருப்பதைக் காப்பி செய்வது, இன்னொரு டேபைத் திறப்பது, ஒட்டுவது, கேள்வியைத் தட்டுவது, பதிலை எடுத்துக்கொண்டு பழைய டேபைத் தேடுவது. ஒரு நாளில் இருபது முறை இதைச் செய்தால் அலுத்துப்போகும்.

இந்தச் சுற்றுவழியைக் குறைக்கத்தான் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் வந்தன. இப்பகுதியில் கணினி கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலருக்கு எக்ஸ்டென்ஷனே தேவைப்படாது, பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் வசதியே போதும். தேவைப்படுகிறவர்களும் ஒன்றே ஒன்றைத்தான் போட வேண்டும், அதற்கு எவ்வளவு அனுமதி கொடுக்கிறோம் என்று பார்த்துப் போட வேண்டும். ஒரே கணினியை வீட்டில் நாலு பேரும் கடையில் நாற்பது பேரும் தொடும் ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

எக்ஸ்டென்ஷன் என்ன செய்கிறது?

பிரவுசருக்குள் ஓடும் ஒரு சின்ன நிரல்தான் எக்ஸ்டென்ஷன். சாட்பாட்டுக்கான எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளில் ஒன்றைச் செய்யும். சில, பொத்தானை அழுத்தியதும் சாட்பாட்டைப் பக்கவாட்டில் திறந்துகாட்டுவதோடு நின்றுவிடும். சில, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தையே எடுத்துச் சுருக்கும், மொழிபெயர்க்கும், மெயிலுக்குப் பதில் எழுதித்தரும். இன்னும் சில உங்கள் தேடுபொறியை மாற்றும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட குரோம் எக்ஸ்டென்ஷன் ஒன்று இந்த வகைதான். முகவரிப் பெட்டியில் நீங்கள் தேடுவதெல்லாம் கூகுளுக்குப் போகாமல் சாட்ஜிபிடிக்குப் போகும்.

இரண்டாவது வகைக்குத்தான் ஆள் அதிகம், கவனமும் அங்கேதான் வேண்டும். பக்கத்தைச் சுருக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை அது படித்தாக வேண்டும். படித்ததை இணையம் வழியாக வேறொரு சர்வருக்கு அனுப்பினால்தான் பதில் வரும். சைடர், மோனிகா போன்ற வெளியார் எக்ஸ்டென்ஷன்களில், பல நிறுவனங்களின் ஏஐயை ஒரே இடத்தில் வைத்துத் தருகிறார்கள். வசதிதான். ஆனால் நீங்கள் அனுப்பும் செய்தி ஏஐ நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல், நடுவில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் நிறுவனத்தின் கைக்கும் போகிறது. அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையையும் நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

எக்ஸ்டென்ஷன் இல்லாமலே வேகமாகத் திறக்க

முதலில் இவற்றைச் செய்து பாருங்கள். இரண்டு மூன்று நாள் பழகிய பிறகும் போதவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

குரோமில் சாட்பாட் தளத்தைத் திறந்து உள்நுழைந்துகொள்ளுங்கள். வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்ற வரிக்குள் போனால் 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தளம் தனி ஜன்னலாகத் திறக்கும். கீழே டாஸ்க்பாரில் அதை 'பின்' செய்து (நிலையாகப் பொருத்தி), இழுத்து முதல் இடத்தில் வையுங்கள். இனி விண்டோஸ் விசையுடன் 1 என்ற எண்ணை அழுத்தினால் சாட்பாட் வந்து நிற்கும். எந்த அனுமதியும் யாருக்கும் கொடுக்கவில்லை, எந்த எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்தும் எதையும் இறக்கவில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வழி, முகவரிப் பெட்டியிலிருந்தே கேட்பது. குரோம் செட்டிங்ஸில் 'சர்ச் எஞ்சின்' பகுதிக்குப் போய், தேடுபொறிகளையும் தளத் தேடலையும் நிர்வகிக்கும் வரியைத் திறங்கள். 'சைட் சர்ச்' என்ற தலைப்புக்கு அருகில் 'ஆட்' பொத்தான் இருக்கும். பெயர் என்ற இடத்தில் சாட்ஜிபிடி என்று எழுதுங்கள். ஷார்ட்கட் என்ற இடத்தில் சி, ஜி என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளைப் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இன்னொரு டேபில் சாட்ஜிபிடி முகப்பைத் திறந்து, முகவரியைக் காப்பி செய்து இங்கே ஒட்டுங்கள். அது சாய்கோட்டில் முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒன்று போடுங்கள். அதை ஒட்டியே கேள்விக்குறி, கியூ எழுத்து, சமக்குறி, விழுக்காட்டுக்குறி, எஸ் எழுத்து என்று ஐந்தையும் இடைவெளி விடாமல் தட்டுங்கள். எழுத்துகள் இரண்டும் சின்ன எழுத்தாக இருக்கட்டும். சேமித்துவிடுங்கள்.

இனிமேல் கன்ட்ரோலுடன் எல் அழுத்தினால் கர்சர் முகவரிப் பெட்டிக்குப் போகும். சி, ஜி தட்டி டேப் விசையை அழுத்தி, கேள்வியை எழுதி என்டர் கொடுத்தால் போதும், கேள்வியோடு சாட்ஜிபிடி திறக்கும். தமிழில் கேட்பவர்கள் டேப் அழுத்திய பிறகு விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் அழுத்திக் கீபோர்டைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜெமினி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையும் இல்லை. குரோமின் புதிய பதிப்புகளில் முகவரிப் பெட்டியில் அட் குறியோடு ஜெமினி என்று ஆங்கிலத்தில் எழுதி டேப் அழுத்தினாலே கேள்விக்குத் தயாராகிவிடும்.

பயர்பாக்ஸ் வைத்திருந்தால் இன்னும் சுலபம். பக்கப்பட்டியிலேயே ஏஐ சாட்பாட் என்ற சின்னத்தை அந்த பிரவுசரே தருகிறது. சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி, மிஸ்ட்ரால் என்று எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து உள்நுழையலாம். பக்கத்தில் ஒரு பத்தியைத் தேர்வு செய்து வலது கிளிக் செய்தால், அதைச் சுருக்கவோ விளக்கவோ கேட்கும் வரியும் வரும். வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். எட்ஜ் பிரவுசரில் மைக்ரோசாப்டின் சாட்பாட்டான கோபைலட்டின் சின்னம் வலது மேல் மூலையில் இருக்கும், அழுத்தினால் பக்கவாட்டில் திறக்கும்.

சரி, எக்ஸ்டென்ஷன் போடுவோம்

தினமும் நிறைய ஆங்கிலப் பக்கங்களைப் படிக்கிறவர்கள், மெயிலுக்குள்ளேயே பதில் தயாரிக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு எக்ஸ்டென்ஷன் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும்.

குரோம் என்றால் குரோம் வெப் ஸ்டோருக்குப் போங்கள். எட்ஜுக்குத் தனிக் கடை உண்டு, குரோம் கடையிலிருந்தும் அதில் இறக்கலாம். பயர்பாக்ஸுக்கு மொசில்லாவின் கடை. இந்த மூன்றைத் தவிர வேறு எங்கிருந்தும், குறிப்பாக வாட்ஸப் குரூப்பிலோ யூடியூப் வீடியோவின் கீழேயோ வரும் ஜிப் கோப்பிலிருந்து, எதையும் போடாதீர்கள்.

பெயரைத் தட்டித் தேடியதும் ஒரே மாதிரிப் பெயரும் ஒரே மாதிரிச் சின்னமும் கொண்ட பத்துப் பன்னிரண்டு வந்து நிற்கும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சின்னத்தைப் பார்க்காதீர்கள், பெயருக்குக் கீழே யார் வெளியிட்டது என்று பாருங்கள். சாட்பாட் நிறுவனமே வெளியிட்டது என்றால் அந்த நிறுவனத்தின் இணையதள முகவரி அங்கே இருக்கும். இன்னும் பாதுகாப்பான வழி, முதலில் அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாகக் கடைக்கு வருவது. அப்புறம் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியையும், எந்தெந்தத் தகவலைச் சேகரிப்போம் என்று அவர்களே சொல்லியிருக்கும் தனியுரிமைப் பகுதியையும் படியுங்கள். ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை விட்டுவிட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படித்தால் நிறையத் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில், 'குவிக் ஆக்சஸ் டு சாட்ஜிபிடி' என்ற பெயரிலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் குரோம் கடையில் இருந்தது. சொன்னபடி சாட்ஜிபிடியைத் திறந்தும் காட்டியது. அதே நேரத்தில், பின்னால் இருந்து பேஸ்புக் உள்நுழைவுத் தகவல்களைத் திருடி, வணிகக் கணக்குகளைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. கார்டியோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள், நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை இறக்கியிருந்தார்கள். பிறகுதான் கூகுள் அதை நீக்கியது. பேஸ்புக் பக்கம் வழியாக மாம்பழமோ ரோஜா நாற்றோ புடவையோ விற்கிறவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! அவர்களைப் போன்றவர்களின் கணக்குகளைத்தான் அது குறிவைத்தது.

எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால் 'ஆட் டு குரோம்' பொத்தானை அழுத்துங்கள். உடனே ஒரு சிறு பெட்டி வரும். அதில் அந்த எக்ஸ்டென்ஷன் என்னென்ன செய்ய அனுமதி கேட்கிறது என்று எழுதியிருக்கும். பெரும்பாலானவர்கள் இதைப் படிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்துகிறார்கள். நின்று படியுங்கள். 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், வங்கிப் பக்கமும் பட்டா, சிட்டா பார்க்கும் பக்கமும் உங்கள் மெயிலும் அதற்குள் அடக்கம். சாட்பாட்டைப் பக்கவாட்டில் திறந்து காட்டுவது மட்டுமே வேலை என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன் இவ்வளவு கேட்டால், வீடு பெருக்க வந்தவர் பீரோ சாவி கேட்பதுபோலத்தான். ரத்து செய்துவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

போட்ட பிறகு முகவரிப் பெட்டியின் வலப்பக்கம் புதிர்த்துண்டு போன்ற சின்னத்தை அழுத்துங்கள். உங்கள் எக்ஸ்டென்ஷனுக்கு நேராக இருக்கும் குண்டூசி போன்ற 'பின்' குறியை அழுத்தினால் அதன் சின்னம் எப்போதும் கண்ணில் படும். விசைக் குறுக்குவழி வேண்டுமென்றால், மூன்று புள்ளிகள், எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய், இடப்பக்கப் பட்டியலில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸைத் திறந்து, விரும்பிய விசைகளை அழுத்திக் காட்டினால் போதும்.

அனுமதியைக் குறைப்பது

ஒரு நிமிட வேலைதான் இது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் வற்புறுத்துவேன். அதே மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் உங்கள் எக்ஸ்டென்ஷனின் 'டீடெயில்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்ட எக்ஸ்டென்ஷனாக இருந்தால், அங்கே 'சைட் ஆக்சஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். எல்லாத் தளங்களிலும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், கிளிக் செய்யும்போது மட்டும் என்று மூன்று நிலை. 'ஆன் கிளிக்' என்பதை வைத்துவிடுங்கள். இனி நீங்கள் சின்னத்தை அழுத்தும் பக்கத்தில் மட்டும்தான் அது எட்டிப்பார்க்கும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கிளிக் கூடும், அவ்வளவுதான்.

நல்ல நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன்தானே, எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அதுவே தரவுப் பாதுகாப்பு நிறுவனம். அங்குள்ள ஊழியர் ஒருவர், கூகுளிடமிருந்து வந்ததுபோல் இருந்த போலி மெயிலில் ஏமாந்தார். திருடர்கள் அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கே கெட்ட நிரல் கலந்த புதிய பதிப்பை ஏற்றிவிட்டார்கள். எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் பயன்படுத்துகிறவர்கள் எதுவும் செய்யாமலே அது அவர்கள் கணினிக்குள் வந்துவிட்டது. மறுநாள் கண்டுபிடித்து நீக்கினார்கள். இறக்கும் நாளில் நல்லதாக இருந்தது பின்னொரு நாள் மாறலாம். அனுமதியைக் குறைத்து வைத்திருந்தால் பாதிப்பும் குறையும்.

உங்களுக்குப் பதிலாகத் தானே பக்கத்தில் கிளிக் செய்து, படிவம் நிரப்பி, மெயில் அனுப்பும் புதுவகை எக்ஸ்டென்ஷன்களும் வந்திருக்கின்றன. புதியவர்கள் இப்போதைக்கு அவற்றை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'இந்த மெயில்களை அழித்துவிடு' என்று யாராவது கட்டளை ஒளித்துவைத்தால், ஏஐ அதை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 ஆகஸ்டில் தன் கிளாட் சாட்பாட்டுக்கு இப்படியொரு குரோம் எக்ஸ்டென்ஷனைச் சோதனையாக வெளியிட்டபோது, தற்காப்பு எதுவும் இல்லாத நிலையில் இத்தகைய தாக்குதல்களில் 23.6 விழுக்காடு பலித்ததாகவும், தற்காப்புகள் சேர்த்த பிறகு அது 11.2 ஆகக் குறைந்ததாகவும் தானே சொன்னது. செய்தவர்களே எச்சரிக்கும்போது நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கங்களில் வரும் சிக்கல்

எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு அரசாணை ஒன்றைச் சுருக்கச் சொன்னால் சம்பந்தமே இல்லாத பதில் வருகிறது என்று மாணவர்கள் அடிக்கடி சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் எழுத்துருவில் இருக்கிறது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முந்தைய கோப்புகளும், பிந்தையவற்றில் சிலவும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை. திரையில் நமக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். எக்ஸ்டென்ஷன் அந்தக் குவியலைத்தான் படிக்கிறது. ஸ்கேன் செய்த கோப்பு என்றால் உள்ளே எழுத்தே இல்லை, வெறும் படம்தான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கோப்பில் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் எக்ஸ்டென்ஷன் வேலை செய்யும். கிறுக்கலாக வந்தாலோ, எதுவுமே வரவில்லை என்றாலோ அதை விட்டுவிட்டு விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, தேவையான பகுதியைப் படமாக எடுத்துச் சாட்பாட்டில் ஒட்டுங்கள். படத்தில் உள்ள தமிழை இப்போது ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஆனாலும் தேதி, கட்டணம், வயது வரம்பு, சர்வே எண் ஆகியவற்றை மூலக் கோப்போடு ஒப்பிடாமல் எங்கும் எழுதாதீர்கள்.

சுருக்கம் சரியாகவே இருந்தும் தகவல் பழையதாக இருக்கலாம். 2004-க்கு முந்தைய கோப்புகளில் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் தருமபுரி மாவட்டத்தில் இருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரி 9 அன்றுதான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பக்கத்தில் உள்ளதை மட்டும் வைத்துச் சுருக்கச் சொன்னால் சாட்பாட் பழைய மாவட்டத்தையே சொல்லும். பக்கத்தில் உள்ளபடி அது சரிதான், ஆனால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். அதனால் கேள்வியோடு 'இந்தப் பக்கம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றும் சொல்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுக் கணினியில் என்ன செய்வது?

பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் கணினி தொடுகிறோம் என்றால் அங்கே எக்ஸ்டென்ஷன் போடவே கூடாது. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள ப்ரொபைல் வட்டத்தை அழுத்தி 'கெஸ்ட்' ஜன்னலைத் திறங்கள். அதில் மற்றவர்கள் போட்டு வைத்த எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. மூடியதும் உங்கள் உள்நுழைவும் தேடியவையும் அழிந்துவிடும். ஆதார், வங்கி, பட்டா வேலைகளையும் அதிலேயே செய்யுங்கள். சாதாரண ஜன்னலில் சாட்ஜிபிடியைத் திறந்தபடியே எழுந்து வந்துவிட்டால், அடுத்து உட்காருகிறவர் உங்கள் பழைய உரையாடல் முழுவதையும் படிக்கலாம். அப்படி ஆகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்கு வந்து சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மக்கள் நம்பிக் கொடுக்கும் ஆவணங்கள் உங்கள் திரையில்தான் திறக்கின்றன. விண்ணப்பக் கடிதம் எழுத ஏஐ உதவி வேண்டும் என்றால் அதற்கென்று குரோமில் தனி ப்ரொபைல் ஒன்று உருவாக்கி, எக்ஸ்டென்ஷனை அதில் மட்டும் போடுங்கள். ஒரு ப்ரொபைலில் உள்ள எக்ஸ்டென்ஷன் இன்னொன்றை எட்டாது. சான்றிதழ் வேலைகள் நடக்கும் ப்ரொபைல் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கணினியைப் பயன்படுத்தும்போதும் இந்த ஏற்பாடு நன்றாக இருக்கும்.

போனும் பணமும்

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் வசதி கிடையாது. போனில் சாட்பாட்டின் சொந்த ஆப்பே போதும். கட்டாயம் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸ் 2023 டிசம்பர் முதல் எக்ஸ்டென்ஷன்களைப் பரவலாக ஏற்கிறது.

வெளியார் எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றில் ஒரு நாளைக்கு இத்தனை கேள்விதான் இலவசம், அதற்கு மேல் மாதச் சந்தா என்று கேட்பார்கள். கட்டுவதற்கு முன் உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ சேவையின் கட்டணத் திட்டமான 'ப்ரோ'வை ஓராண்டுக்கு இலவசமாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் ஓப்பன்ஏஐ இந்தியாவில் 'சாட்ஜிபிடி கோ' என்ற கட்டணத் திட்டத்தில் சேர்கிறவர்களுக்கு ஓராண்டு இலவசம் கொடுத்தது. இப்படி ஒன்றில் ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதே வேலைக்கு எக்ஸ்டென்ஷன் நிறுவனத்துக்குத் தனியாகப் பணம் கட்டுவது வீண். இலவசக் காலம் முடியும் தேதியையும் போனில் குறித்து வையுங்கள், தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

மாதம் ஒருமுறை மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மாதமாகத் தொடாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் 'ரிமூவ்' கொடுத்துவிடுங்கள். அதில் கணக்குத் தொடங்கியிருந்தால், எக்ஸ்டென்ஷனை எடுத்தால் மட்டும் கணக்கு அழியாது. முதலில் அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்நுழைந்து கணக்கை அழியுங்கள். சந்தா கட்டியிருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரில் இருக்கும் ஒப்புதலை ரத்து செய்த பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள்.